குளிர் அறையில் கம்மூன்

ஜனவரி 14, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள் இன்னும் நாற்பத்தொன்று பாக்கி. ‘நம் நாட்டின் தட்பவெப்பத்தை விளக்குக’ என்ற கேள்விக்கு ஒருத்தி, ‘கோடையில் மின்சாரம் இருக்காது, குளிரில் டீசலும் இருக்காது’ என்று எழுதியிருக்கிறாள். புவியியல் ஆசிரியையாக நான் முழு மதிப்பெண் போட முடியாது. பாதி போட்டேன்.

நாளைக் காலை தாலா தன் பெரியம்மா ருபாவோடு கடற்கரை ஊரான லத்தாக்கியா போகிறாள். அரையாண்டு விடுமுறை, பத்து நாள். பதினொரு வயதுப் பிள்ளை, பெட்டியைத் தானே அடுக்கினாள். நான் மடித்து வைத்த ஸ்வெட்டரை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

கம்மூனுக்கு எப்போது என்ன கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அப்பாவின் கையில் கொடுத்தாள். நிதால் அதை என்னிடம் கொடுத்தார். அவர் நூல் ஆலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் வீட்டில் இருக்கப்போவது நான்தான். அது அவளுக்கும் தெரியும்.

கம்மூன் அவளுடைய ஹாம்ஸ்டர், கூண்டில் வளர்க்கும் குட்டை வால் எலி. கம்மூன் என்றால் அரபியில் சீரகம்; அதன் நிறமும் அதுதான், அதனால் அந்தப் பெயர். அவள் அம்மா ஹனாதி கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் வாங்கிக் கொடுத்தது. ஹனாதி போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நிதாலைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்து ஏழு மாதம்.

ஜனவரி 16, ஞாயிறு

காலையிலிருந்து இருமல். குளிர்காலத்தில் டீசல் கணப்பு இருக்கும் ஒரே அறையில்தான் எல்லோரும். அங்கேதான் கூண்டும். அதிலிருந்து மரத்தூள் பறந்துகொண்டே இருக்கிறது. தாலா இருந்தவரை நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இன்று நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்ததும் கூண்டைத் தூக்கி அவள் அறையில் வைத்துவிட்டேன்.

நிதாலிடம் சொன்னேன். “வெச்சுக்கோ, அது என்ன வாய் திறந்து பேசவா போகுது” என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அது வடக்குப் பார்த்த அறை, கணப்பின் சூடு அங்கே எட்டாது. கூண்டின் மேல் பழைய கம்பளி இரண்டைப் போட்டு மூடினேன். உடம்பெல்லாம் ரோமம் உள்ள பிராணி. குளிராது.

ஜனவரி 18, செவ்வாய்

என் மூச்சு சீராக இருக்கிறது. கம்மூன் நேற்று வைத்த விதைகளைத் தொடவில்லை. சுருண்டு தூங்குகிறது. பகலில் தூங்கும் பிராணிதானே.

ஜனவரி 19, புதன்

பனி. எங்கள் ஃபுர்கான் பகுதி முழுக்க வெள்ளை. பிள்ளைகள் கார்களின் கூரையிலிருந்து வழித்து எறிந்து விளையாடுகிறார்கள்.

மதியம் தாலா போன் செய்தாள், அப்பாவுக்கு. அங்கே பனி இல்லை, மழைதான். கம்மூன் என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறாள். “நல்லா இருக்கு, சக்கரத்துல ஓடிக்கிட்டே இருக்கு” என்றார் நிதால். அந்தச் சத்தத்தைப் போனில் கேட்க வைக்கச் சொன்னாளாம். இப்போது தூங்குகிறது என்று சமாளித்தார்.

இரண்டு நாளாக அந்தச் சக்கரத்தின் சத்தத்தை நானும் கேட்கவில்லை. போனை வைத்ததும் போய்ப் பார்த்தேன். கம்பளியை விலக்கினேன். பஞ்சுக் கூட்டுக்குள் முதுகு மட்டும் தெரிந்தது. எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல். எழுப்பப் பயமாக இருந்தது.

ஜனவரி 20, வியாழன்

 நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை பத்து மணிக்குக் கூட்டுக்குள் விரலை விட்டேன். கல்லைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது. வெளியே எடுத்தேன். கண் மூடியிருந்தது. உள்ளங்கையில் அப்படியே கிடந்தது. நேற்றைய விதை, முந்தாநாள் விதை, எல்லாம் வைத்த இடத்திலேயே.

நிதாலுக்கு இன்று விடுப்பு. வந்து பார்த்தார். ஜமீலியா பக்கம் இருக்கும் பறவைக் கடையில் இதே நிறத்தில் இன்னொன்று கிடைக்கும் என்றார்.

“அவ கண்டுபிடிச்சிடுவா.”

“எலிக்கு எலி என்ன வித்தியாசம் லமீஸ்? அவகிட்ட நான் இன்னொரு சாவு சொல்ல மாட்டேன். என்னால ஆகாது.”

மண்வாரியை எடுத்துக்கொண்டு கீழே கட்டிடத்தின் பின்கட்டுக்குப் போனார். நான் ஒரு பழைய கைக்குட்டையில் கம்மூனைச் சுற்றினேன். பின்னங்கால் ஒன்று வெளியே சரிந்தது. உள்ளே மடக்கினேன். மடங்கியது. விட்டால் சரிந்தது. மறுபடி மடக்கினேன்.

இவ்வளவு சில்லிட்டுப் போனது விறைத்திருக்க வேண்டாமா?

முகத்தருகே கொண்டுவந்தேன். என் மூச்சு பட்டு அதன் மீசை ஆடியது. என் மூச்சுதான் ஆட்டியது என்று நினைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரத்தின் கீழே போய் நின்றேன். நாற்பது விநாடி. அதன் விலாப்புறம் ஒருமுறை எழும்பி அமுங்கியது. பிறகு மறுபடி ஒன்றுமில்லை.

பால்கனிக் கதவைத் திறந்து, தோண்டுவதை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். பனியில் முழங்கால் வரை நின்றுகொண்டு என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார்.

எங்கள் பள்ளிக் காவலாளியின் ஆடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் ஆவெதிஸ். அவருக்குப் போன் போட்டேன். கிழவர், அந்தத் தலைமுறை ஆர்மீனியர் பலரையும் போல அரபியில் ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றித்தான் பேசுவார்.

“வெறச்சிருக்கா, தொவண்டிருக்கா, தம்பி?”

“தொவண்டிருக்கு டாக்டர். காலை மடக்கினா மடங்குது.”

“மீசையில லேசா ஊதிட்டு வாயை மூடிக்கோ. ஊதி முடிச்ச பொறகும் துடிக்குதா?”

ஊதினேன். இந்த முறை நிச்சயமாகத் தெரிந்தது. மீசை நுனி தானாக ஒருமுறை துடித்தது.

“அப்ப சாகல. கணப்புப் பக்கம் கொண்டு போயிடாதே, சட்டுனு சூடேறினா நெஞ்சு தாங்காது. உன் சட்டைக்குள்ள போட்டுக்கோ, உடம்புச் சூடு போதும். வாயில எதையும் ஊத்தாதே, மூச்சுக்குழல்ல போயிடும். தானா தலையைத் தூக்கட்டும். அப்புறம் சர்க்கரைத் தண்ணி, சொட்டு சொட்டா.”

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அதைக் கம்மூனிடம் கேட்கச் சொன்னார்.

சட்டைக்குள், மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பனிக்கட்டியை வைத்துக்கொண்டது போல இருந்தது. நிதால் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம். எனக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. மரத்தூள் அதன் ரோமத்தில்தான் இருக்கிறதே. இருமினால் அதற்கு அதிருமோ என்று இருமலை அடக்கினேன்.

பன்னிரண்டேகாலுக்கு ஒரு நடுக்கம் தொடங்கியது. முதலில் என் நடுக்கம் என்று நினைத்தேன். இல்லை. சின்ன மோட்டார் மாதிரி அதன் உடம்பு முழுக்க. அரைமணி நேரம் அப்படியே நடுங்கியது. பிறகு நகம். பிறகு, நான் எட்டிப் பார்க்கக் கையை உள்ளே விட்டபோது, கட்டைவிரலில் பல்.

ரத்தம் வந்தது. நிதால் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எழுந்து அடுப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஜனவரி 21, வெள்ளி

ஊரே விடுமுறை எடுக்கும் வெள்ளியிலும் ஆவெதிஸ் கடை திறப்பவர். கம்மூனைத் தொப்பிக்குள் வைத்துச் சால்வைக்கடியில் சுலைமானியாவில் இருக்கும் அவர் வைத்தியக் கடைக்கு நடந்தேன்.

பல், கண், வால் எல்லாம் பார்த்தார். எங்கே வைத்திருந்தேன் என்று கேட்டார். சொன்னேன். இருட்டு, குளிர், சக்கரமும் ஓடவில்லை, ஆகாரமும் இறங்கவில்லை. அது குளிர்காலம் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டதாம்.

“காட்டுல இருக்கிறது மண்ணுக்கடியில ஆழமா வளை தோண்டிப் போய்ப் படுக்கும். இது எங்க போகும்? படுத்த எடத்துலயே கடையைச் சாத்திடுச்சு. ரெண்டு நாள் விட்டிருந்தா நெசமாவே போயிருக்கும்.”

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

குளிர் உறக்கத்தையும் நோயையும் குழப்பிக்கொள்ளாதே என்றார். உறக்கம் என்றால் உடம்பு சில்லென்று இருக்கும், துவண்டிருக்கும், மூச்சு நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ, வால்பக்கம் சுத்தமாக இருக்கும். கதகதப்பான இடத்தில் இருந்தும் கூனிக்கொண்டு, ரோமம் சிலிர்த்து, வேகமாக மூச்சு வாங்கினால் அது வேறு. அப்போது சூடு உதவாது. உடனே வர வேண்டும்.

உயிரோடு புதைத்தவர்கள் உண்டா என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “அதை நெனச்சா நான் இந்தத் தொழில் பார்க்க முடியாது தம்பி” என்றார்.

நேற்று இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால்.

ஜனவரி 23, ஞாயிறு

கூண்டு மறுபடி கணப்பு அறையில். மூக்கைச் சுற்றிச் சால்வை கட்டிக்கொண்டு விடைத்தாள் திருத்துகிறேன். கம்மூன் இன்று வாதுமைப் பருப்பு ஒன்றைக் கன்னப் பையில் அடைத்துக்கொண்டது.

தாலாவிடம் சொல்லவே கூடாது என்கிறார் நிதால். பிழைத்துவிட்டது, இனி எதற்கு? அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கும் அது சௌகரியம். அதனால்தான் அந்த நியாயத்தின் மேல் சந்தேகமாக இருக்கிறது.

ஜனவரி 25, செவ்வாய்

வந்துவிட்டார்கள்.

தாலா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூண்டுக்கு ஓடினாள். கையில் எடுத்ததுமே முகம் மாறியது. இளைத்திருக்கிறது என்றாள். பெட்டியை வைக்கத் தன் அறைக்குப் போனவள் அங்கிருந்து ஏதோ பொறுக்கிக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் மரத்தூள்.

“இது ஏன் என் ரூம்ல கெடக்கு?”

“சுத்தம் பண்றதுக்காக ஒரு நாள் அங்க—” என்று ஆரம்பித்தார் நிதால்.

“நாலு நாள்,” என்றேன். “எனக்கு இருமல். நான்தான் தூக்கிட்டுப் போய் வெச்சேன். குளிர்ல மரத்துப்போயிடுச்சு. செத்துப்போச்சுன்னே நெனச்சோம்.”

எல்லாவற்றையும் சொன்னேன். குழியையும் சொன்னேன். நிதால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ருபா இன்னும் கோட்டைக் கழற்றியிருக்கவில்லை.

“என் தங்கச்சி புள்ளைக்குன்னு வெச்சுட்டுப் போனது இது ஒண்ணுதான்,” என்றாள் ருபா. “இதுக்கும் இந்த வீட்ல எடமில்லாம போச்சா?”

 அவள் சொன்னதில் எந்தச் சொல் பொய்?

 தாலா கூண்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்தக் குளிர் அறைக்குள்.

ஜனவரி 26, புதன்

நேற்று சாப்பிட வரவில்லை. இன்று காலையும் இல்லை. நிதால் கதவைத் தட்டிக் கெஞ்சிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். வானொலியில் இன்னும் பனி என்கிறார்கள்.

பள்ளியின் வெப்பமானி என்னிடம் இருக்கிறது. அந்தக் கதவடியில் வைத்தேன். ஒன்பது டிகிரி. கதவுக்கு அந்தப் பக்கம் இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். என்னைப் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை, ஆனால் கம்மூன் அங்கே இருக்கக்கூடாது என்றேன்.  மீசையில் ஊதிப் பார் என்றேன். அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது.

 கடைசியில் தோன்றியதைச் சொன்னேன்.

“நீ அதைக் கூட்டிட்டுப் போய்க் கணப்புக்கிட்ட இரு. நான் இந்த ரூமுக்கு வந்துடறேன். அந்தப் பக்கமே வரமாட்டேன்.”

 தாழ்ப்பாள் விலகியது. கம்மூனை ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தாள். என்னைத் தாண்டிப் போனாள், தலை நிமிரவில்லை.

விடைத்தாள்கள், தலையணை, இரண்டு சால்வை. இதை இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கையுறையோடு பேனா நிற்கவில்லை. ஆனால் மூச்சு சுத்தமாக வருகிறது.

ஜனவரி 30, ஞாயிறு

இந்த அறையில் ஐந்தாவது நாள். நிதாலுக்கு இது அவமானமாக இருக்கிறது, அண்டை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்கிறார். சின்னப் பிள்ளையின் பிடிவாதத்துக்கு நான் இடம் கொடுப்பதாகவும் சொன்னார். கொடுக்கத்தானே வேண்டும், அது அவள் வீடு என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மாலை கதவடியில் ஒரு தாள் வந்தது. தாலாவின் எழுத்து. ‘குளிர் உறக்கத்தின் அடையாளங்கள்’ என்று தலைப்பு. ஒன்று, மீசை துடிக்கும். இரண்டு, கால் மடங்கும். மூன்று, நான்கு, ஐந்து — காலியாக விட்டிருந்தாள்.

உடம்பு சில்லென்று இருக்கும், மூச்சு நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ, வால்பக்கம் சுத்தமாக இருக்கும் என்று நிரப்பினேன். அவள் எழுதிய இரண்டுக்கும் சிவப்பு மையில் சரி போட்டேன். பழக்கம். தாளைத் திருப்பித் தள்ளிய பிறகுதான் அசட்டுத்தனம் என்று பட்டது. அந்தப் பக்கம் ஒரு சின்ன மூச்சுச் சத்தம். சிரிப்பா? இருக்காது.

பிப்ரவரி 3, வியாழன்

பள்ளி திறந்துவிட்டது. பனி கரைந்து தெருவெல்லாம் சேறு.

பிப்ரவரி 9, புதன்

மதியம் மூன்று மணிக்குத் தாலா கதவைத் தட்டினாள். வெளியே நின்றாள், கண் சிவந்து.

“தூங்கிட்டே இருக்கு. சட்டைக்குள்ள வெச்சும் எழுந்திருக்க மாட்டேங்குது. வந்து பாருங்களேன்.”

பதினான்கு நாளுக்குப் பிறகு கணப்பு அறைக்குள் போனேன். கதகதப்பாக இருந்தது. கம்மூனைத் தொட்டேன். சில்லென்று இல்லை. குளிர் உறக்கம் என்றால் சில்லிட்டிருக்க வேண்டும். முதுகு கூனி, ரோமம் சிலிர்த்து, கண் பாதி திறந்து. மூச்சை எண்ணவே முடியவில்லை, அவ்வளவு வேகம். வால்பக்கம் ஈரம்.

“சூடு பண்ணினா சரியாயிடும்ல?” என்றாள்.

“இது குளிர் இல்ல, தாலா.”

அந்தத் தாளை எடுத்து வந்தாள். ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் நிரப்பிய மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஐந்தாவதைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தாளை மடித்தாள்.

ஆவெதிஸிடம் ஓடினோம், இருவரும். என் தொப்பிக்குள் கம்மூன். வழியெல்லாம் அவள் என் கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் கையை அல்ல. பையை.

குடல் நோய் என்றார். வயதும் ஆகிவிட்டது, இரண்டு வருடம் இவற்றுக்குக் கிழப்பருவம். மருந்து ஒரு சொட்டு, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் அரைமணிக்கு ஒரு சொட்டு. தாலாவிடம் எதையும் மறைக்காமல், “பாதிக்குப் பாதிம்மா” என்றார். அவளிடம் மட்டும் சரியாகப் பேசினார்.

பிப்ரவரி 10, வியாழன்

பள்ளிக்கு இருவருமே போகவில்லை. அவள் பிடித்துக்கொள்கிறாள், நான் சொட்டு விடுகிறேன். சால்வைக்குள்ளேயே இருமுகிறேன். பதினோரு சொட்டு விழுங்கியது.

பிப்ரவரி 11, வெள்ளி

ஆறு சொட்டு.

பிப்ரவரி 12, சனி

காலையில் தாலா கூப்பிட்டாள், சத்தம் போடாமல். மூச்சு தெரியவில்லை என்றாள்.

கடிகாரத்தின் கீழே நின்றோம். ஐந்து நிமிடம். பத்து. மீசையில் ஊதினாள். கண்ணாடியை மூக்கருகே பிடித்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் சொல்லக்கூடாது என்று இருந்தது. ஒருமுறை நான் சொல்லித்தான் நிதால் குழி வெட்டினார். சாயங்காலம் வரை கதகதப்பிலேயே வைத்துப் பார்க்கலாம், எந்த அவசரமும் இல்லை என்றேன்.

அவள் மடியில் ஒரு துண்டு, அதில் கம்மூன். பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். அரைமணிக்கு ஒருமுறை காலை மடக்கிப் பார்த்தாள். ஒரு மணிக்கு மடங்கியது. இரண்டு மணிக்குக் கஷ்டப்பட்டு மடங்கியது. மூன்றரைக்கு மடங்கவில்லை.

“கணப்புக்கிட்ட இருந்தும் வெறச்சிருச்சு,” என்றாள். “இது தூக்கம் இல்ல.”

அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“அம்மாவை இப்படி வெச்சுப் பார்த்தாங்களா?”

எனக்குப் புரியவில்லை.

“அன்னிக்கே கொண்டு போயிட்டாங்க. நான் ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள. யாராவது நல்லா பார்த்தாங்களா?”

ஒன்றரை வருடமாக இதை வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை நடமாடியது? நானாக ஒரு பதிலைச் சொல்லியிருக்கலாம். டாக்டர்கள் பார்த்திருப்பார்கள் என்று. நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது, அப்பா வந்ததும் கேள் என்றேன்.

ஐந்து மணிக்கு நிதால் வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தவரிடம் அதே கேள்வியைக் கேட்டாள். ஒரு ஷூவோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் காப்பாற்றப் போகவில்லை.

“அம்மா கையை நான் புடிச்சிட்டே இருந்தேன்,” என்றார். “விடியக்காலைலேர்ந்து பத்து மணி வரைக்கும். நர்ஸ் விடுங்கன்னா, நான் விடல. என் ரெண்டு கைக்குள்ள பொத்தி வெச்சிருந்தும் சில்லிட்டுப் போச்சு தாலா. அதுக்கப்புறந்தான் விட்டேன்.”

“ஏன் சொல்லல?”

“நீ கேக்கலையேம்மா.”

“கேட்டா நீங்க அழுவீங்கன்னு கேக்கல.”

அழுதுகொண்டுதான் இருந்தார். நான் எழுந்து இந்த அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பேச்சில் எனக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

பிப்ரவரி 13, ஞாயிறு

பின்கட்டில் நாரத்தை மரத்தடியில் புதைத்தோம். நிதால் ஆழமாகத் தோண்டினார், தாலா போதும் என்று சொல்லும்வரை. ருபாவும் வந்தாள். என்னிடம் பேசவில்லை, ஆனால் மண்ணைத் தள்ள நான் குனிந்தபோது என் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 18, வெள்ளி

மதியம் ரொட்டி வாங்கப் போய் வரிசையில் மாட்டிக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் இந்த அறையில் என் தலையணை இல்லை. சால்வைகள் இல்லை, விடைத்தாள் கட்டும் இல்லை. வீட்டை விட்டே போகச் சொல்கிறாளோ?

கணப்பு அறைக் கதவைத் திறந்தேன். தரைவிரிப்பைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தது. மெத்தைகள் எல்லாம் பால்கனியில். தாலா கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மண்டியிட்டு, ஈரத்துணியால் தரையின் இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி. தண்ணீரில் மரத்தூள் மிதந்தது. ஏற்கெனவே துடைத்து முடித்த பக்கத்தில், கணப்பை ஒட்டி, என் தலையணை.

வாசலிலேயே நின்றேன்.

“கதவைத் தெறந்து வெச்சுட்டு நிக்கிறீங்களே, சூடெல்லாம் போகுது,” என்றாள், நிமிராமலே. “ஈரம் மிதிக்காம அந்த ஓரமா வாங்க.”

ஓரமாகப் போனேன்.